அசல் 348 ரூபாய்

பத்திரத்தில் ‘அசையாச் சொத்து’ என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ராமாபுரத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. அப்பா அதில் பிறந்தபோது அது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மாநில எல்லைகளை மாற்றியபோது கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் மைசூரைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். வீடு அங்கே குடிபோனது. இப்போது தாலுகாவும் ஹனூர் ஆகிவிட்டது. இத்தனைக்கும் மண்சுவரோ, நாட்டு ஓடோ, திண்ணையோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அப்பாதான் பஹணி என்கிற நில ஆவண நகல் எடுக்க ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு ஊருக்குப் பஸ் ஏறினார். யார் கேட்டாலும் இன்றைக்கும் “மைசூர் ஜில்லா ராமாபுரம்” என்றுதான் சொல்வார். மூன்றாவது மாவட்டத்தை மனப்பாடம் செய்யும் வயது தாண்டிவிட்டதாம்.

அந்த வீட்டின் மேல் காலணா கடன் கிடையாது. கடன் எல்லாம் மைசூரில் நான் வாங்கிய வீட்டின் மேல் இருக்கிறது.

கன்னடத்தில் கடனுக்குச் ‘சால’ என்று பெயர். வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமுமாக வளர்ந்த எங்களுக்கு இந்தச் சொல்லில் சின்ன வயதிலேயே ஒரு குழப்பம் உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்காரர் வாசலில் நின்று “சால எஷ்டிதே?” என்று கேட்பார். சாலச் சிறந்தது என்கிற ‘சால’வாக்கும் இது, நம் வீட்டில் ஏதோ மிகுதியாக இருக்கிறதாக்கும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அதே கன்னடத்தில் ‘சாலது’ என்றால் ‘போதாது’ என்று அர்த்தம். கடனையும் போதாமையையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிற மொழி அது. நாற்பது வயதில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோதும் நான் தமிழ் அர்த்தத்தைத்தான் நம்பினேன்.

2021 மார்ச். முப்பதுக்கு நாற்பது சைட்டில் பழைய வீடு ஒன்று. 30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி, மாதம் 23,259 ரூபாய். “சார், ரெப்போ ரேட் இப்ப 4 சதவீதத்துல இருக்கு. இவ்வளவு கீழே போனதே இல்லை” என்று கடன் பிரிவு இளைஞர் முகம் மலரச் சொன்னார். நானும் மலர்ந்தேன். இவ்வளவு கீழே போனதே இல்லை என்றால் இனி எந்தப் பக்கம் போகும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. என் மனைவியைக் கூட்டிப்போயிருந்தால் கேட்டிருப்பாள். அவள் அன்றைக்கு வாசற்கால் பூஜைக்கு மல்லிகை வாங்கத் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

மைசூரில் வீடு வாங்குகிறவன் எவனும் அரண்மனையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டான். 1897இல் ராஜகுமாரியின் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்துபோக, ஹென்றி இர்வின் என்பவர் வரைபடம் போட்டு, 1912இல் இப்போதைய அரண்மனை எழும்பியது. ஆன செலவு 41,47,913 ரூபாய். லட்சங்கள் புரண்ட இடத்தில் அந்தக் கடைசி 13 ரூபாய் வரை எழுதிவைத்த குமாஸ்தா யாரோ, அவர் இருந்த திசை நோக்கி ஒரு கும்பிடு. நான் 240 தவணையும் ஒழுங்காகக் கட்டினால் ஆகும் மொத்தம் 55,82,160 ரூபாய். அரண்மனையைவிட 14 லட்சம் கூடுதல். அங்கே தர்பார் மண்டபம் உண்டு. எங்கள் வீட்டில் ஹாலில் சோபா போட்டால் கதவு பாதிதான் திறக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றா என்று கேட்பவர்கள் என் மகளின் கட்சி. அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்: போய்ப் படி.

2022 மே 4ஆம் தேதி, கூட்டம் என்று முன்கூட்டி அறிவிக்காத ஒரு நாளில், ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவை ஏற்றியது. அப்புறம் ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர், மறுவருஷம் பிப்ரவரி. 4 சதவீதம் 6.5 ஆனது. அதோடு சேர்ந்து ஏறுகிற என் 7 சதவீதம் 9.5 ஆனது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி என் கணக்கிலிருந்து போனது அதே 23,259தான். ஊரெல்லாம் தவணை ஏறிவிட்டதென்று புலம்பியபோது, நம்மை மட்டும் நம் பக்கத்து மலைச்சாமி மாதேஸ்வரன் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். ஆபீசில் இரண்டு பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த இருவரும் இன்றுவரை என்னிடம் கடன் யோசனை கேட்பதில்லை.

2023 மார்ச்சில் வருமான வரிக் கணக்குக்காக வங்கியிலிருந்து கடன் கணக்குப் பட்டியல் எடுத்தேன். கடைசி வரியில் இப்படி இருந்தது: வட்டி 22,911. அசல் 348. மீதித் தவணைகள் 533.

முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. வட்டி ஏற ஏற, வங்கி தவணைத் தொகையைத் தொடாமல் தவணைகளின் எண்ணிக்கையை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு வருஷமாக ஒரு மாதம் தப்பாமல் கட்டிய பிறகு, 240இல் மீதி இருக்க வேண்டியது 216 தவணை. இருந்தது 533. நடக்க நடக்க ஊர் தள்ளிப்போகிற மாதிரி.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் 533ஐப் பன்னிரண்டால் வகுத்தாள். “நாப்பத்தி நாலு வருஷம் அஞ்சு மாசம். அப்பா, கடன் முடியறப்ப உங்களுக்கு 86. எனக்கு 57. நான் ரிட்டயர் ஆகப் போறப்ப வந்து சாவி வாங்கிக்கிறேன்.”

மனைவி வகுத்தல் பக்கம் போகவில்லை. “அசல் 348 ரூபாயா?” என்று மட்டும் கேட்டாள். அன்றைய விலைக்கு அது ஒரு காஸ் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு. “மாசாமாசம் இருவத்தி மூவாயிரம் கட்டி வீட்டுல ஒரு ஜன்னல் கம்பிதான் நமக்குச் சொந்தமாகுது” என்றாள். எந்த ஜன்னல் என்று நான் கேட்டது தப்பு.

அந்த வாரம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். 72 வயதிலும் அரை ஏக்கர் மல்பெரியை விடாமல் வைத்துக்கொண்டு பட்டுப்புழு வளர்க்கிறவர். கொள்ளேகால் பக்கம் பட்டுதான் குடும்பத்தின் நாள்காட்டி. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் ‘கூடு வித்ததும்’ என்றுதான் பேசப்படும். புழு வீட்டில் படுத்துத் தூங்கியவனுக்கு ஒரு சத்தம் தெரியும். கடைசிப் பருவத்தில் ஆயிரக்கணக்கான புழுக்கள் ராத்திரி முழுக்க இலை தின்னும்போது ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். எழுந்து வெளியே போய்ப் பார்த்தால் வானத்தில் நட்சத்திரம் இருக்கும்.

அப்பாவிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஏண்டா, இந்த வட்டி ஆரம்பத்துலயே இப்படித் தின்னுதே. நம்ம புழு சட்டை உரிச்சு உரிச்சு நாலு தூக்கம் தூங்கி எழுந்து, கடைசி ஏழெட்டு நாள்லதானே கூடை கூடையாத் தின்னும்?”

“இது அப்படியில்லைப்பா. முதல்ல நிறைய, கடைசில கொஞ்சம்.”

கொஞ்ச நேரம் திண்ணை இல்லாத எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார். அப்புறம் சொன்னதை நான் எந்த வங்கி அதிகாரி வாயிலும் கேட்டதில்லை. “அசல்தாண்டா புழு. வட்டி அது தின்ற இலை. தட்டுல புழு நிறைய இருந்தா இலை நிறையத்தான் போகும். நீ போடற கூடையில பாதிக்கு மேல, முக்காலுக்கு மேல அதுவே தின்னுடுது. மிஞ்சறதை வெச்சுத்தான் நீ புழுவைக் கொறைக்கணும். மிஞ்சறது 348. இதுக்கு நீ இலை போடாமலே இருந்திருக்கலாம்.”

“இலை போடலைன்னா வீட்டை எடுத்துக்குவாங்கப்பா.”

“சரி, கடைசில கூடு யாருக்கு?”

பத்திரம்தான் கூடு என்றேன். கடனை முடித்தால் முப்பது நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வந்தது அதே வருஷம் பின்னால்தான். அதைக் கேள்விப்பட்டபோது அப்பா போன் செய்து, அவர்கள் எத்தனை நாள் தாமதிப்பார்கள் என்று ஆவலாக விசாரித்தார்.

மறுநாள் வங்கி. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது ஆர்.கே. நாராயணின் மார்கய்யா நினைவுக்கு வந்தார். 1952இல் வெளிவந்த ‘தி ஃபினான்ஷியல் எக்ஸ்பர்ட்’ நாவலில், மால்குடியின் நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, உள்ளே கடன் வாங்கும் வித்தையை வெளியே சொல்லிக்கொடுப்பவர். அதை எழுதிய தமிழர் இதே ஊரில் யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்தவர். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மார்கய்யா பரம்பரை அற்றுப்போகவில்லை. வங்கி வாசலில் ஆலமரத்துக்குப் பதில் ஏடிஎம் நிழல், தகரப் பெட்டிக்குப் பதில் கைப்பை. “சார், உங்க லோனை வேற பேங்குக்கு மாத்திடலாம். அரை பர்சன்ட் கம்மி” என்று ஒரு பையன் என் பின்னாலேயே வந்தான். மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கேட்டேன். பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், முத்திரைத் தீர்வை என்று விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவன், ஒரு கை முடிந்ததும் என் முகத்தைப் பார்த்து அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

அதிகாரி நல்ல மனிதர். “இ.எம்.ஐ. ஏத்தினா கஸ்டமர் கோவிச்சுக்குவாங்கன்னு நாங்களே டென்யூரை ஏத்திடறது சார்” என்றார். நான் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக என்னை 86 வயதுவரை வாழவைக்கத் துணிந்த அந்தப் பரிவுக்கு நன்றி சொன்னேன். பழையபடி 216 மாதத்தில் முடிய வேண்டுமானால் எவ்வளவு என்று கேட்டேன். தட்டிப் பார்த்து, திரையை என் பக்கம் திருப்பினார். 28,011.

அதாவது மாதம் 4,752 ரூபாய் கூடுதல். ஏற்றுங்கள் என்றேன். தவணையை ஏற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதித் தந்த ஆளை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும், டீ வரவழைத்தார்.

ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில், வட்டி ஏறும்போது தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரிடம் கேட்டே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. “நாம போய்ச் சொன்னது மும்பை வரைக்கும் போயிருக்கு” என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. அந்தக் காலகட்டத்தில் வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே செலவில்லாத சந்தோஷம் அது.

சரி, 4,752க்கு எங்கே போவது? இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வந்தது. (32 ரூபாய். முதல் பக்கத்தின் முதல் செலவு அதுதான்.) சிவப்பு மையில் மனைவி மேலே 4,752 என்று எழுதி வட்டம் போட்டாள். பிள்ளையார் சுழி அதற்குக் கீழே இருந்தது.

முதல் பலி காபி. கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடையில் எண்பதுக்கு இருபது சிக்கரி வாங்கிக்கொண்டிருந்தோம். அது எழுபதுக்கு முப்பது ஆகி, அறுபதுக்கு நாற்பது ஆனது. அரைத்துக் கொடுக்கிற பெரியவர் “ஏன் சார், வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். காபியின் நிறம் இன்னும் கறுத்தது. பார்வைக்கு முன்பைவிடக் கம்பீரம். குடித்தால், காபிக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மிச்சம் மாதம் 140 ரூபாய்.

அடுத்து என் ஸ்கூட்டர். பெட்ரோல் நூறைத் தாண்டிக் கிடந்த சமயம். வாரத்தில் மூன்று நாள் பஸ் என்று தீர்மானமானது. தீர்மானமான சில வாரங்களில், 2023 ஜூன் 11 அன்று, கர்நாடகத்தில் ‘சக்தி’ திட்டம் வந்தது. பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. என் மனைவிக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. எனக்கு உண்டு. குடும்பத்தோடு பஸ் ஏறினால் நடத்துநர் இரண்டு பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, செலவாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்.

விபரீதம் இங்கேதான் தொடங்கியது. மனைவி அந்தப் பூஜ்யச் சீட்டுகளைச் சேர்த்து நோட்டில் ஒட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கட்டணம் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று விசாரித்து எழுதி, அதை மிச்சக் கணக்கில் சேர்த்தாள். கொத்தமல்லிக் கட்டு வாங்கத் தேவராஜ மார்க்கெட், அதைச் சொல்லிவிட்டு வரச் சாமுண்டி மலை, அம்மாவைப் பார்க்கக் கொள்ளேகால், கொள்ளேகால் வரை வந்தாகிவிட்டது என்று மாதேஸ்வரன் மலை. ஜூலை முடிவில் நோட்டுப்படி எங்கள் மிச்சம் 6,100 ரூபாய். பீரோவில் இருந்தது 900.

“மீதி எங்கே?”

“பஸ்ஸுக்குக் குடுக்காம மிச்சம் பண்ணியிருக்கேன்ல?”

“நீ போகாமலே இருந்திருந்தா?”

“போகாம எப்படிங்க மிச்சமாகும்?”

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் இதே கணக்கைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறார். நான் போட மறுத்ததால் இரண்டு நாள் பேச்சு இல்லை.

அந்த ஜூலையில்தான் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் பறந்தது. ஹாசன் பக்கம் ஒரு தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் தக்காளியைத் திருடிக்கொண்டு போனார்கள் என்று பேப்பரில் வந்தது. எங்கள் வீட்டு ரசத்தில் தக்காளி நின்றுபோய், புளியும் மிளகும் மட்டும் நின்றன. அப்பா குடித்துப் பார்த்துவிட்டு, “இதுதாண்டா எங்கம்மா வெச்ச ரசம்” என்று கண் கலங்கினார். பாட்டியும் கடனில் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மின்சாரக் கணக்கு தனிக் கதை. ‘கிருக ஜோதி’ திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள் இலவசம் என்று சொல்வார்கள். உண்மையில் நம் முந்தைய வருஷச் சராசரிக்கு மேல் பத்து சதவீதம் வரைதான் இலவசம். எங்கள் சராசரி 110. ஆக 121. சிக்கனமாக இருந்தவனுக்குக் குறைந்த சலுகை, ஊதாரிக்கு அதிகம். முன்பே தெரிந்திருந்தால் ஒரு வருஷம் பகலிலும் விளக்கெரித்து வைத்திருப்பேன் என்று மனைவி அங்கலாய்த்தாள். தினமும் ராத்திரி டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பாள். மாதக் கடைசியில் 118 ஆகிவிட்டால் மிக்ஸிக்கு ஓய்வு. ஆட்டுக்கல் எழுந்து வரும். விளக்கணைத்துவிட்டு ஞாயிறு மாலை மூவரும் அரண்மனை வாசலுக்குப் போவோம். அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரியும். பார்க்கக் காசில்லை, மீட்டர் நம்முடையது இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வெளிச்சத்தில் நின்று மகள் சரித்திரப் பாடம் ஒப்பித்தாள். 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர்கள் உடையார்களுக்கு ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்து, வருஷத்துக்கு 7 லட்சம் வராகன் கப்பம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1831இல் கப்பம் ஒழுங்காக வரவில்லை, நிர்வாகம் சரியில்லை, நகர் என்ற ஊர் பக்கம் கலகம் என்று காரணம் சொல்லி ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கைக்கு வந்தது 1881இல்.

“அம்பது வருஷம்பா. நம்மளுது நாப்பத்தி நாலுதான் இருந்துச்சு” என்று ஆறுதல் சொன்னாள்.

மொய் விஷயத்தில் மட்டும் யாராலும் கை வைக்க முடியவில்லை. கன்னடத்திலும் அதற்கு முய்யி என்றுதான் பெயர். எல்லை தாண்டியும் தப்பிக்க வழியில்லை. எங்கள் கிருகப்பிரவேசத்தில் 500 வைத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் 1,000 வைத்தாக வேண்டும். ஆவணியில் ஐந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. மனைவி மொய் நோட்டை எடுத்து, யார் யார் எவ்வளவு என்று பார்த்து, “இதுக்கு வட்டி நூறு பர்சன்ட். பேங்குக்காரன் தேவலை” என்றாள். ஐந்து கல்யாணத்திலும் நாங்கள் பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஆகஸ்ட் 30ஆம் தேதி ‘கிருகலட்சுமி’ திட்டத்தைத் தொடங்கியது எங்கள் மைசூரிலேயேதான். குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். கணவன் வருமான வரி கட்டினால் கிடையாது. நான் கட்டுகிறவன். வரி கட்டுவது குடிமகனின் பெருமை என்று மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் ஒரு பாத்திரம் சற்றுப் பலமாக வைக்கப்பட்டது.

இப்படி அங்கே இங்கே பிடித்ததில் மாதம் 3,000 முதல் 3,400 வரை சேர்ந்தது. மீதிக்கு நான் ஆடிட்டர் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் கணக்கு எழுதப் போனேன். என் வீட்டுக் கணக்கில் பூஜ்யச் சீட்டை ஏற்காத கறாரான ஆள் என்று அவரிடம் எனக்குச் சிபாரிசு செய்தது என் மனைவிதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அப்பா மறுபடி வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். இரண்டு முறை கூடு விற்ற காசு, 50,000. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. ஆனாலும் ஒரு முறை சொன்னேன்.

“உனக்கு யார்றா குடுத்தா? புழுவைக் கொறை.”

வங்கியில் கட்டினோம். மிதக்கும் வட்டிக் கடனில் முன்கூட்டி அசலைக் கட்டினால் அபராதம் கிடையாது; அது ரிசர்வ் வங்கி விதி. கட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தபோது அப்பா கவுண்டரை விட்டு நகரவில்லை. “இது அசல்லதானே போகுது?” என்று அங்கிருந்த பெண்ணைக் கன்னடத்தில் கேட்டார். அவள் பார்த்துவிட்டு, அப்படிக் கடிதம் எழுதித் தராவிட்டால் பணம் அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக நின்றுவிடும் என்றாள். கடிதம் எழுதினேன்: அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும். அப்பா அதை ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நகர்ந்தார். வெளியே வந்ததும், “இலையைத் தட்டுல போடாம கூடையிலேயே வெச்சிருப்பாங்கடா” என்றார்.

மறுவருஷம் மனைவியின் சீட்டுப் பணம் 50,000. அதற்கடுத்த வருஷம் இருவருமாகச் சேர்த்த 40,000. இரண்டும் அசலுக்கே போயின. நடுவில் நந்தினி பால் 2023 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாயும் 2025 ஏப்ரலில் 4 ரூபாயும் ஏறி, காபியில் மிச்சம் பிடித்ததை வட்டியோடு வாங்கிக்கொண்டு போனது. 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்க ஆரம்பித்தது; டிசம்பரில் 5.25. ஏறியபோது ஓசையில்லாமல் ஏறிய மாதிரியே, இறங்கியதையும் வங்கி எங்களிடம் வந்து சொல்லவில்லை. நாங்களாகப் பட்டியல் எடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நீங்களும் எடுத்துப் பாருங்கள். வட்டி, அசல், மீதித் தவணைகள் என்று சொல்லும் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் பட்டியலை அடுத்து வந்த ஜனவரியில் எடுத்தோம். மகள் வாசிக்க, மனைவி நோட்டில் எழுதினாள். பாக்கி 25 லட்சத்து 30 ஆயிரம். மீதித் தவணைகள் 142. வட்டி 17,394. அசல் 10,617.

அன்று சாயங்காலம் வீட்டில் எண்பதுக்கு இருபது காபி.